கட்டப்படாத கப்பலுக்குக் கணக்குக் கேட்பது எப்படி? கைவிடப்பட்ட கடற்படைத் திட்டங்களைத் தொடர்ந்து செல்வதற்கான முழு வழிகாட்டி

கடலூரின் பெயரைத் தாங்கிய கடற்படைக் கப்பல் ஒன்று 2018 மார்ச் மாதம் விசாகப்பட்டினத்தில் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டது. துறைமுக வாயில்களிலும் கப்பல் வழித்தடங்களிலும் எதிரி போட்டுவைக்கும் கடற்கண்ணிகளைத் தேடி அகற்றுவதே அதன் வேலை. அந்த வகையில் எஞ்சியிருந்த கடைசிக் கப்பலான ஐ.என்.எஸ். கோழிக்கோடு 2019 ஏப்ரலில் விடைபெற்றபோது, கண்ணி அகற்றுவதற்கென்றே கட்டப்பட்ட கப்பல் ஒன்றுகூட இல்லாத கடற்படையாக இந்தியக் கடற்படை நின்றது.

பழைய கப்பல்கள் மூப்படைவது யாருக்கும் தெரியாத செய்தியாக இருக்கவில்லை. மாற்றுக் கப்பல்களுக்கு 2008-லேயே ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டது. தென்கொரியாவின் காங்நாம் நிறுவனம் குறைந்த விலை கேட்டு முதலிடம் பெற்றது. இடைத்தரகர் ஈடுபட்டதாகப் புகார் எழுந்ததை அடுத்து 2014-ல் அந்த முயற்சி கைவிடப்பட்டது. 2015-ல் பன்னிரண்டு கப்பல்களையும் கோவா கப்பல் கட்டும் தளமே கட்டும் என்று முடிவாகி, ஏறத்தாழ 32,000 கோடி ரூபாய் என்று மதிப்பிடப்பட்ட அந்தத் திட்டத்துக்காக அதே தென்கொரிய நிறுவனத்துடன் பேச்சு நடந்து, 2018 தொடக்கத்தில் அதுவும் முறிந்தது. பத்தாண்டுகள் கழிந்தும் ஒரு கப்பல்கூடக் கட்டப்படவில்லை.

இப்படிப்பட்ட திட்டம் ஒன்று கைவிடப்பட்டால் அதற்கு யார் பதில் சொல்ல வேண்டும் என்று ஒரு குடிமகன் கேட்க விரும்பினால், அவர் முதலில் ஒரு சிக்கலைப் புரிந்துகொள்ள வேண்டும். நம்முடைய பொறுப்புக்கூறல் ஏற்பாடுகள் பெரும்பாலும் செலவழிந்த பணத்தின் தடத்தைப் பின்பற்றுபவை. தணிக்கையாளர் பட்டுவாடாவைப் பார்க்கிறார். நாடாளுமன்றக் குழு தணிக்கை அறிக்கையைப் பார்க்கிறது. ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே இறந்துபோன திட்டத்தில் பெரிய பட்டுவாடா எதுவும் இராது. அங்கே தொலைந்தது காலம். காலத்துக்கு வரவுசெலவுக் கணக்கில் தனித் தலைப்பு கிடையாது. ஆகவே ரூபாயைத் தேடிப் போகிறவர் வெறுங்கையோடு திரும்புவார். தேதிகளைத் தேடிப் போகிறவருக்கு ஏதாவது கிடைக்கும். கீழே வரும் படிகள் எல்லாம் அந்த ஒரு நோக்கத்துக்காகவே வரிசைப்படுத்தப்பட்டுள்ளன.

முதல் படி: திட்டம் எந்தக் கட்டத்தில், எதனால் நின்றது என்று அறியுங்கள்

பாதுகாப்புக் கொள்முதல் ஒரு நீண்ட படிக்கட்டு. கடற்படைத் தலைமையகம் தேவையை வரையறுக்கிறது. பாதுகாப்பு அமைச்சர் தலைமையிலான கொள்முதல் கவுன்சில் ‘தேவை ஏற்பு’ வழங்குகிறது. பிறகு ஒப்பந்தப்புள்ளி, தொழில்நுட்ப மதிப்பீடு, கள ஆய்வு, விலைப் பேச்சுக்குழு, நிதி ஒப்புதல், பெரிய தொகையாக இருந்தால் பிரதமர் தலைமையிலான பாதுகாப்புக்கான அமைச்சரவைக் குழு, அதன் பிறகே கையெழுத்து. ஒவ்வொரு படியிலும் கோப்பு வேறொருவர் கையில் இருக்கிறது. அதனால் பதில் சொல்ல வேண்டியவரும் மாறுகிறார்.

நின்றுபோன காரணமும் ஒரே மாதிரியானதாக இருக்காது. நீர்மூழ்கிகளுக்காக இத்தாலிய நிறுவனத்திடம் வாங்கவிருந்த 98 ‘பிளாக் ஷார்க்’ டார்பிடோக்களின் (நீருக்கடியில் பாய்ந்து சென்று தாக்கும் ஆயுதங்களின்) கொள்முதல் 2016-ல் கைவிடப்பட்டதற்கும் அந்த ஆயுதத்தின் தரத்துக்கும் தொடர்பில்லை. தயாரித்த நிறுவனம் சேர்ந்திருந்த குழுமம் முக்கியப் பிரமுகர்களுக்கான ஹெலிகாப்டர் பேரத்தில் சர்ச்சைக்குள்ளானதே காரணம். விளைவாக, 2017 டிசம்பரில் ஐ.என்.எஸ். கல்வரி நீர்மூழ்கி அந்தப் புதிய டார்பிடோ இல்லாமலேயே படையில் சேர்ந்தது. நிலமும் நீரும் சேரும் இடத்தில் படைகளை இறக்கும் பெரிய கப்பல்களுக்கு 2013-ல் கோரப்பட்ட ஒப்பந்தப்புள்ளியின் கதை வேறு: போட்டியிட்ட மூன்று தனியார் நிறுவனங்களில் இரண்டு திவால் நடவடிக்கைக்குள் போய்விட, 2020-ல் அது திரும்பப் பெறப்பட்டது. கண்ணி அகற்றும் கப்பல்களில் முதல் முறை புகார், இரண்டாம் முறை விலையும் தொழில்நுட்பப் பரிமாற்றமும் உத்தரவாதமும் தொடர்பான இழுபறி.

காரணத்தைப் பிரித்தறிவது எதற்காக என்றால், திட்டத்தைக் கைவிடுவது தன்னளவில் குற்றமாகாது. மோசமான ஒப்பந்தத்தில் கையெழுத்திடாமல் விலகுவது சில வேளைகளில் அரசு செய்யக்கூடிய மிகப் பொறுப்பான செயல். கேள்வி அந்த முடிவைப் பற்றியதா, அந்த முடிவுக்கு வர எடுத்துக்கொண்ட ஆண்டுகளைப் பற்றியதா, முடிவுக்குப் பின் மாற்று ஏற்பாடு செய்யாததைப் பற்றியதா என்பதை இந்தக் கட்டத்திலேயே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் கேட்டால், அமைச்சகம் தனக்கு எளிதான ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லிவிடும்.

இரண்டாம் படி: தேதி அட்டவணை

ஒரு தாளில் இரண்டு பத்திகள் போதும். இடப்பக்கம் திட்டத்தின் நிகழ்வுகள். வலப்பக்கம் அந்தத் திட்டம் நிரப்ப வேண்டியிருந்த இடைவெளியின் நிகழ்வுகள். இடப்பக்கத்தில் 2008 ஒப்பந்தப்புள்ளி, 2014 கைவிடல், 2015 நியமனம், 2018 முறிவு. வலப்பக்கத்தில் பழைய கப்பல்கள் ஒவ்வொன்றும் விடைபெற்ற நாள்: 2017-ல் கார்வார், காக்கிநாடா, 2018-ல் கடலூர், 2019-ல் கோழிக்கோடு. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், எந்த மாதங்களில் ஒன்றுமே நடக்கவில்லை என்பது கண்ணில் படும். அந்த வெற்றிடங்களே உங்கள் கேள்விகள்.

ஒவ்வொரு தேதிக்கும் எதிரே அது எங்கிருந்து கிடைத்தது என்று எழுதிவையுங்கள். பத்திரிகைச் செய்தியில் வந்த தேதியும் அமைச்சர் அவையில் சொன்ன தேதியும் ஒத்துப்போகாவிட்டால், அந்த முரண்பாட்டை அழித்துவிடாமல் அப்படியே வைத்திருங்கள். பின்னால் மனு எழுதும்போது அதைவிடப் பயனுள்ள பொருள் வேறில்லை.

மூன்றாம் படி: அவையில் ஏற்கெனவே சொல்லப்பட்டதைப் படியுங்கள்

தகவல் உரிமை மனுவோடு தொடங்குவது பலரும் செய்யும் அவசரம். பாதி விடைகள் நாடாளுமன்றத்தின் சன்சத் இணையதளத்தில் கிடக்கின்றன. மக்களவையிலும் மாநிலங்களவையிலும் உறுப்பினர்கள் கேட்ட வினாக்களும் அமைச்சர் தந்த விடைகளும் தேடக்கூடிய வடிவில் உள்ளன. ‘கண்ணி அகற்றும் கப்பல்’ என்பதன் ஆங்கிலப் பெயரையும் கோவா கப்பல் தளத்தின் பெயரையும் போட்டுத் தேடி, விடைகளை ஆண்டு வரிசையில் அடுக்குங்கள். ஒரே கேள்விக்கு அடுத்தடுத்த ஆண்டுகளில் வந்த விடைகளில் எந்தச் சொல் மாறியிருக்கிறது என்று பாருங்கள். ‘விலைப் பேச்சு நடைபெறுகிறது’ என்பது எந்தக் கூட்டத்தொடரில் ‘பரிசீலனையில் உள்ளது’ ஆனது என்பதில் பல விஷயங்கள் இருக்கும்.

‘பரிசீலனையில் உள்ளது’, ‘தகவல் திரட்டப்படுகிறது’ போன்ற விடைகள் அவைக்கு அளித்த வாக்குறுதிகளாகக் கருதப்படும். அவற்றை மூன்று மாதங்களுக்குள் நிறைவேற்ற வேண்டும் என்பது நடைமுறை. நிறைவேறியதா என்று கண்காணிக்க அரசு வாக்குறுதிகள் குழு என்று ஒரு குழுவே உண்டு. நிறைவேறாத வாக்குறுதி ஒன்று கிடைத்தால் அட்டவணையில் அதற்குத் தனி வரி கொடுங்கள்.

பாதுகாப்புக்கான நிலைக்குழுவில் மக்களவையிலிருந்து 21 பேரும் மாநிலங்களவையிலிருந்து 10 பேரும் இருக்கிறார்கள். ஆண்டுதோறும் மானியக் கோரிக்கையை, அதாவது அமைச்சகம் தன் ஆண்டுச் செலவுக்குக் கேட்கும் தொகையை, ஆராயும்போது கடற்படைத் தளபதியின் அதிகாரிகளே நேரில் வந்து பதில் சொல்கிறார்கள். அந்த அறிக்கைகளையும், அதற்கு அரசு அளித்த நடவடிக்கை அறிக்கையையும் சேர்த்தே படியுங்கள். குழுவின் பரிந்துரைகள் எந்த அளவுக்கு நிறைவேறின என்று ஆறு மாதங்களுக்குள் அமைச்சர் அவையில் அறிக்கை வைக்க வேண்டும் என்று மக்களவைத் தலைவரின் 73ஏ நெறியுரை சொல்கிறது.

நான்காம் படி: தகவல் உரிமை மனு

இதுவே நீங்கள் நேரடியாகக் கையாளக்கூடிய கருவி. ஆகவே இதில் நிதானம் தேவை.

முதலில் எந்த அலுவலகம் என்று முடிவு செய்யுங்கள். ஒரே திட்டத்தின் தாள்கள் குறைந்தது மூன்று இடங்களில் இருக்கும். தேவையை எழுதியது கடற்படைத் தலைமையகம். கொள்முதல் கோப்பை நடத்தியது பாதுகாப்பு அமைச்சகத்தின் கொள்முதல் பிரிவு. கப்பல் தளத்தை மேற்பார்த்தது பாதுகாப்பு உற்பத்தித் துறை. கோவா கப்பல் தளம் பொதுத்துறை நிறுவனம் என்பதால் அதற்கும் தனிப் பொதுத் தகவல் அலுவலர் உண்டு. பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ. தகவல் உரிமைச் சட்டத்தின் (ஆர்.டி.ஐ.) இரண்டாம் அட்டவணையில் விலக்குப் பெற்றது. கடற்படையோ அமைச்சகமோ அந்தப் பட்டியலில் இல்லை. ‘ராணுவ விவகாரம், ஆர்.டி.ஐ. பொருந்தாது’ என்று யாராவது வாய்மொழியாகச் சொன்னால் அதை நம்பித் திரும்பிவிட வேண்டாம்.

மூன்று அலுவலகங்களுக்கும் தனித்தனி மனு அனுப்புவது நல்லது. தவறான இடத்துக்குப் போன மனுவை ஐந்து நாட்களுக்குள் உரிய இடத்துக்கு மாற்ற வேண்டும் என்று 6(3) பிரிவு சொன்னாலும், மாற்றிவிடப்படும் மனு பல மேசைகளில் உறங்கி எழும். கட்டணம் 10 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணமில்லை. மனு 500 சொற்களுக்குள் இருப்பது நல்லது. தமிழில் எழுத உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் தில்லி அலுவலகத்தின் கோப்புகள் ஆங்கிலத்தில் இருப்பதால், ஆங்கிலத்தில் எழுதினால் மொழிபெயர்ப்பைச் சாக்காகக் கொண்ட தாமதத்தைத் தவிர்க்கலாம்.

அடுத்தது கேள்வியின் வடிவம். ‘ஏன் கைவிட்டீர்கள்?’ என்று கேட்கக் கூடாது. அலுவலரிடம் உள்ள ஆவணத்தைக் கேட்கத்தான் சட்டம் உரிமை தருகிறது. காரணம் கற்பித்துச் சொல்லும் கடமை அவருக்கு இல்லை என்பது உச்ச நீதிமன்றம் வரை உறுதியான நிலைப்பாடு. ஆகவே காரணம் பதிவாகியுள்ள தாளைக் கேளுங்கள். எடுத்துக்காட்டாக இப்படி எழுதலாம்: “2008-ல் கோரப்பட்ட ஒப்பந்தப்புள்ளியைத் திரும்பப் பெற ஒப்புதல் அளித்த ஆணையின் நகலும், அந்த ஒப்புதலுக்கு முந்தைய கோப்புக் குறிப்புகளின் நகலும், அந்தக் கோப்பு ஒவ்வொரு அதிகாரியின் பதவி நிலைக்கும் வந்து சேர்ந்த தேதி, அங்கிருந்து சென்ற தேதி, இடைத்தரகர் பற்றிய புகாரின் மீது நடந்த விசாரணையின் முடிவைத் தெரிவிக்கும் கடிதம், 2015 முதல் 2018 வரை விலைப் பேச்சுக்குழு கூடிய தேதிகள், இத்திட்டத்துக்காகக் கப்பல் தளத்தில் உருவாக்கப்பட்ட கட்டமைப்பின் ஆண்டுவாரிச் செலவு.”

இதில் கப்பலின் திறன் பற்றியோ, எந்தத் துறைமுகத்தில் எத்தனை கப்பல் என்பது பற்றியோ ஒரு சொல்லும் இல்லை என்பதைக் கவனியுங்கள். அவை உண்மையாகவே காக்கப்பட வேண்டியவை. அவற்றைக் கேட்டால் முழு மனுவையும் 8(1)(அ) பிரிவின் கீழ், அதாவது நாட்டின் பாதுகாப்பு என்ற காரணத்தால், ஒரே வரியில் மறுக்க நீங்களே வழிசெய்தவர் ஆவீர்கள். கோப்பு ஒரு மேசையில் ஏழு மாதம் கிடந்தது என்ற செய்தியால் எந்த எதிரிக்கும் பயன் இல்லை. அதிகாரிகளின் பெயரையும் கேட்க வேண்டாம். பதவி போதும், பெயர் கேட்டால் தனிநபர் தகவல் என்ற மறுப்பு வரும்.

ஆவணத்தின் பக்க எண்ணிக்கை தெரியாதபோது, நகலுக்குப் பதிலாகக் கோப்பை நேரில் பார்வையிட அனுமதி கேட்பது நல்ல உத்தி. முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணமில்லை. அதன் பிறகு மணிக்கு 5 ரூபாய். வேண்டிய பக்கத்துக்கு மட்டும் 2 ரூபாய் வீதம் நகல். தில்லி போக முடியாதவர்கள் கப்பல் தளத்துக்கு அனுப்பும் மனுவில் மட்டுமாவது இதைச் சேர்க்கலாம்.

ஐந்தாம் படி: மறுப்பு வந்த பிறகு

மறுப்பு வரும் என்று எண்ணிக்கொண்டே தொடங்குங்கள். முப்பது நாட்களில் விடை வராவிட்டாலும் அது மறுப்பாகவே கொள்ளப்படும். அதிலிருந்து முப்பது நாட்களுக்குள் அதே அலுவலகத்தின் மூத்த அதிகாரியிடம் முதல் மேல்முறையீடு. அவருடைய முடிவிலிருந்து 90 நாட்களுக்குள் மத்திய தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு. ஆணையத்தில் விசாரணைக்கு வர ஓராண்டுக்கு மேல்கூட ஆகலாம். எனவே கெடு தேதிகளை அட்டவணையிலேயே குறித்துவையுங்கள்; பலருடைய முயற்சி இந்தக் கெடுவைத் தவறவிட்டதால்தான் செத்துப்போகிறது.

மேல்முறையீட்டில் எழுத வேண்டிய வாதங்கள் சில. மறுப்பு சரியே என்று நிரூபிக்கும் பொறுப்பு அலுவலருடையது; அதை 19(5) பிரிவு தெளிவாகச் சொல்கிறது. பிரிவு எண்ணை மட்டும் எழுதிவிட்டுக் காரணம் சொல்லாத மறுப்பு செல்லாது. ஆவணத்தின் ஒரு பகுதி ரகசியமானது என்றால், அந்தப் பகுதியை மட்டும் மறைத்துவிட்டு மீதியைத் தர வேண்டும் என்கிறது பிரிவு 10. அமைச்சரவைத் தாள் என்று மறுத்தால், 8(1)(ஐ) பிரிவின் காப்புரையை அப்படியே மேற்கோள் காட்டுங்கள்: முடிவு எடுக்கப்பட்டு விவகாரம் முடிந்த பின், முடிவும் அதன் காரணங்களும் அடிப்படை ஆவணங்களும் வெளியிடப்பட வேண்டும். கைவிடப்பட்ட திட்டத்தைவிட ‘முடிந்த விவகாரம்’ வேறு எது?

வணிக ரகசியம் என்ற மறுப்பு சற்றுக் கடினமானது. நிறுவனம் கேட்ட விலையின் உட்பிரிவுகளைக் காக்க நியாயம் இருக்கலாம். ஆனால் உங்கள் மனு அமைச்சகத்தின் தேதிகளையும் குறிப்புகளையும் பற்றியது என்று திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். இத்துடன் அதிகம் பேர் பயன்படுத்தாத ஒரு கதவும் இருக்கிறது: 8(3) பிரிவின்படி இருபது ஆண்டுகள் கடந்த நிகழ்வு பற்றிய தகவலை, பாதுகாப்பு, நாடாளுமன்ற உரிமை, அமைச்சரவைத் தாள் என்ற மூன்று காரணங்கள் தவிர வேறு காரணத்தால் மறுக்க இயலாது. 2008 ஒப்பந்தப்புள்ளித் தாள்களுக்கு அந்த நாள் 2028-ல் வருகிறது. காத்திருப்பவர் குறித்துவைத்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றுக்கும் மேலே 8(2) பிரிவு உள்ளது. காக்கப்படும் நலனைவிடப் பொதுநலன் பெரிது என்றால் விலக்குப் பெற்ற தகவலையும் தரலாம். ரஃபேல் போர் விமானக் கொள்முதல் பற்றிய வழக்கின் மறுஆய்வில், 2019 ஏப்ரல் 10 அன்று, வெளியே வந்துவிட்ட பாதுகாப்பு ஆவணங்களைப் பார்க்கவே கூடாது என்ற அரசின் ஆட்சேபத்தை உச்ச நீதிமன்றம் தள்ளியபோது இந்தப் பிரிவையும் சுட்டிக்காட்டியது.

ஆறாம் படி: கப்பல் தளத்தின் கணக்கும் தணிக்கையும்

பணத்தின் தடம் அறவே இல்லை என்று நான் மேலே சொன்னதில் ஒரு திருத்தம் தேவை. அமைச்சகத்தில் இல்லாத செலவு கப்பல் தளத்தில் இருக்கக்கூடும். கண்ணி அகற்றும் கப்பலின் உடல் எஃகால் ஆனதாக இருந்தால் காந்தக் கண்ணியைத் தானே தூண்டிவிடும். அதனால் கண்ணாடி இழை சேர்ந்த பிளாஸ்டிக்கால் கட்ட வேண்டும். அதற்குத் தனிக் கூடங்களும் கருவிகளும் வேண்டும். வரப்போகும் ஆணையை நம்பிக் கோவா தளம் நவீனமயமாக்கலில் இறங்கியது. அரசு நிறுவனங்களின் ஆண்டறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட வேண்டும் என்று நிறுவனங்கள் சட்டத்தின் 394-ஆம் பிரிவு சொல்வதால், அந்த அறிக்கைகள் எல்லாருக்கும் கிடைக்கும். மூலதனச் செலவுக் குறிப்புகளை ஆண்டுவாரியாக ஒப்பிட்டு, 2018-க்குப் பின் அந்தக் கூடங்கள் எதற்குப் பயன்பட்டன என்பதைத் தனிக் கேள்வியாக்குங்கள்.

ஆஸ்திரேலியா 2021-ல் பிரெஞ்சு நீர்மூழ்கித் திட்டத்தைக் கைவிட்ட பிறகு, 2022 ஜூனில் அந்நாட்டுப் பிரதமர் 55.5 கோடி யூரோ இழப்பீட்டையும், மொத்தச் செலவு 340 கோடி ஆஸ்திரேலிய டாலர் என்பதையும் ஒரே அறிவிப்பில் சொன்னார். எண் கசப்பானது, ஆனாலும் ஓர் எண் இருந்தது. நம் மனுக்கள் கேட்பதும் அதுபோன்ற ஓர் எண்ணைத்தான்.

இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் கடற்படை தொடர்பான அறிக்கைகள் அரசமைப்பின் 151-ஆம் பிரிவின்படி நாடாளுமன்றத்தில் வைக்கப்படுகின்றன. பாதுகாப்பு அறிக்கைகள் எல்லாமே தணிக்கையாளரின் இணையதளத்தில் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அறிக்கையில் உங்கள் திட்டம் பற்றிய பத்தி இருந்தால், அதற்கு அமைச்சகம் நான்கு மாதங்களுக்குள் நடவடிக்கைக் குறிப்பு அனுப்பியிருக்க வேண்டும். அந்தக் குறிப்பின் நகல் இன்னொரு நல்ல ஆர்.டி.ஐ. மனு. பத்தி எதுவும் இல்லையென்றால், உங்கள் அட்டவணையை இணைத்துத் தணிக்கை அலுவலகத்துக்குக் கடிதம் எழுதலாம். அதை எடுத்துக்கொள்ளும் கட்டாயம் அவர்களுக்கு இல்லை.

ஏழாம் படி: உறுப்பினரைக் கேட்க வைப்பது

இதற்குள் உங்கள் கையில் நான்கைந்து உறுதியான தேதிகளும் ஒன்றிரண்டு முரண்பாடுகளும் சேர்ந்திருக்கும். இனி உங்கள் தொகுதியின் மக்களவை உறுப்பினரையோ, பாதுகாப்பு நிலைக்குழுவில் உள்ள தமிழ்நாட்டு உறுப்பினரையோ அணுகலாம். ‘ஐயா, இதைப் பற்றிக் கேளுங்கள்’ என்று ஒரு கட்டுத் தாளைக் கொடுப்பதில் பயனில்லை. உறுப்பினரின் உதவியாளர் அப்படியே அனுப்பக்கூடிய வடிவில், ஒரே பொருளைப் பற்றிய வினாவாக எழுதிக் கொடுங்கள். வினாவுக்குக் குறைந்தது பதினைந்து நாள் முன்னறிவிப்பு வேண்டும். எனவே கூட்டத்தொடர் தொடங்கிய பின் போனால் பிந்திவிட்டது என்று பொருள். புள்ளிவிவரம் வேண்டுமென்றால் எழுத்தில் விடை வரும் நட்சத்திரக் குறியிடாத வினா. துணைக்கேள்வி எழுப்ப வேண்டுமென்றால் அவையில் வாய்மொழியாக விடை தரப்படும் நட்சத்திரக் குறியிட்ட வினா, ஆனால் மக்களவையில் அது நாளொன்றுக்கு இருபதுதான், குலுக்கலில் வர வேண்டும்.

தணிக்கை அறிக்கைகளை ஆராயும் பொதுக் கணக்குக் குழுவின் தலைவராக எதிர்க்கட்சி உறுப்பினரை அமர்த்துவது 1967 முதல் மரபு. கப்பல் தளத்தின் செலவு பற்றியது என்றால் பொதுத்துறை நிறுவனங்கள் குழு பொருத்தமானது. ஆட்சிகள் மாறியிருப்பதையும் மறக்க வேண்டாம். கண்ணி அகற்றும் கப்பல்களின் முதல் ஆறு ஆண்டுகள் ஓர் ஆட்சியிலும், அடுத்த ஆண்டுகள் இன்னோர் ஆட்சியிலும் கழிந்தன. ஒரு பாதியை மட்டும் காட்டும் அட்டவணையை எந்தக் கட்சிக்காரரும் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்வார், எந்தக் குழுவும் பொருட்படுத்தாது.

எட்டாம் படி: நீதிமன்றமும் ஊழல் புகாரும்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். பாதுகாப்புக் கொள்முதல் முடிவுகளில் நீதிமன்ற ஆய்வுக்கு எல்லை உண்டு என்பதை ரஃபேல் வழக்கின் 2018 டிசம்பர் தீர்ப்பு காட்டியது. தாமதத்தை மட்டும் வைத்துப் பொதுநல வழக்குப் போட்டால் தள்ளுபடியாகும் வாய்ப்பே அதிகம். தகவல் ஆணையத்தின் தவறான மறுப்பை எதிர்த்து உயர் நீதிமன்றம் போவது அதைவிடப் பயனுள்ளது. கையூட்டு பற்றிய ஆதாரம் உண்மையாகவே இருந்தால் ஊழல் புகார்களை விசாரிக்கும் லோக்பால் அமைப்பு உண்டு, ஆனால் குற்றம் நடந்ததாகச் சொல்லப்படும் நாளிலிருந்து ஏழு ஆண்டுகளுக்குள் புகார் செய்ய வேண்டும். ஆதாரம் இல்லாமல் ஒருவர் பெயரை எழுதிவிடாதீர்கள். 2014-ல் எழுந்தது புகார். புகார் நிரூபணம் ஆகாது.

இப்போது செய்ய வேண்டியது

2025 ஜூலை 3 அன்று கொள்முதல் கவுன்சில் ஏறத்தாழ 1.05 லட்சம் கோடி ரூபாய் மதிப்பிலான பத்து முன்மொழிவுகளுக்குத் தேவை ஏற்பு வழங்கியது. அவற்றில் கண்ணி அகற்றும் கப்பல்களும் உண்டு. அதாவது படிக்கட்டின் அடியிலிருந்து மீண்டும் ஏற்றம் தொடங்கியிருக்கிறது. அட்டவணையின் இடப்பக்கத்தில் அந்தத் தேதியை எழுதுங்கள். அதற்குக் கீழே ஒப்பந்தப்புள்ளிக்கான வரியைக் காலியாக விட்டுவைத்து, ஒவ்வொரு கூட்டத்தொடருக்கும் ஒரு மாதம் முன்னால் எடுத்துப் பாருங்கள். வரி காலியாகவே இருந்தால், அந்தத் தொடருக்கான வினா தயார்.